பச்சைத் தொட்டியும் பாய்லர்க்காரர் கண்ணும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், மல்லசமுத்திரம் பக்கத்தில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையின் பின்புறத்தில் இது நடந்தது. இதுவரை என் வீட்டுக்காரியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. பாதிதான் சொல்லியிருக்கிறேன், அதுவும் எனக்குச் சாதகமான பாதி.

நான் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். சங்ககிரியில் வண்டியை எடுத்தால் நாக்பூரோ இந்தூரோ போய்த்தான் இறங்குவேன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் பிடித்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொன்னபிறகு வீட்டில் உட்கார்ந்தேன். ஆறு மாதம் உட்கார்ந்ததில் வீட்டுக்காரிக்கும் எனக்கும் சண்டை வராத நாளே இல்லை. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்த ஆலையில் ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். பாசி வளர்க்கும் வேலை.

எங்கள் வீட்டுத் தொட்டியில் பாசி பிடித்தால் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து ஊற்றுவோம். இங்கே சம்பளம் கொடுத்து அதை வளர்க்கச் சொன்னார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு மேடம்தான் இதற்குப் பொறுப்பு. ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆலையில் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீரைத் தெளியவைத்துத் தொட்டியில் நிரப்புவோம். பாய்லர் புகையை ஒரு குழாய் வழியாகக் குளிரவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விடுவோம். புகையில் இருக்கும் கரியமில வாயுவைச் சாப்பிட்டுப் பாசி வளரும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி அது. தண்ணீரே பச்சையாகிவிடும். அதை வடித்துக் காயவைத்துப் பிழிந்தால் எண்ணெய், அந்த எண்ணெயிலிருந்து டீசல் மாதிரி ஓர் எரிபொருள்.

முதல் நாள் நான் கேட்டேன். “ஏனுங் மேடம், பாசியில டீசல் வருமுங்களா? அப்ப நான் இத்தன வருசம் பங்க்குல வரிசையில நின்னதெல்லாம் தெண்டமுங்களா?”

“வரும் அண்ணா. ஆனா உங்க லாரியை சேலம் வரைக்கும் ஓட்டணும்னாலே இந்த இடம் முழுக்கத் தொட்டி கட்டணும். இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம்” என்றார். உள்ளதை உள்ளபடி சொல்கிறவர் என்று அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஐந்நூறு லிட்டர். இவைதான் நாற்றங்கால். இதில் பாசி திடமானதும் பக்கத்தில் கட்டியிருந்த பெரிய குளத்தில் ஊற்ற வேண்டும். பங்குனிக் கடைசியில் பணம் கொடுத்த இடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள், அன்றைக்குக் குளம் பச்சையாக இல்லாவிட்டால் திட்டத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேடம் சொல்லியிருந்தார். மூட்டை கட்டினால் அவருக்கு நாலு வருடப் படிப்பு வீண். நான் மறுபடி வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும்.

என் வேலை சுலபம். தினமும் காலையில் கோலின் நுனியில் மாட்டிய ஒரு வெள்ளை வில்லையைத் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ அந்த ஆழத்தை நோட்டில் எழுத வேண்டும். சீக்கிரம் மறைந்தால் பாசி அடர்த்தி என்று அர்த்தம். முதல் தொட்டியில் ஒரு சாண் இறங்குவதற்குள் மறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கே பாய்லர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், உள்ளூர்க்காரர், அதிர்ந்து பேசமாட்டார். காலையில் புகைக் குழாயைத் திறந்துவிட வரும்போது தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். “நல்லா பச்சையா இருக்குதுங் டிரைவரே. நெல்லு நாத்தாட்டம்.”

தொட்டியைப் பார்க்க ஆலையில் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். புது லாரி எடுத்தால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டாமல் ஒரு டிரைவர் கிளம்புவானா? கண் பட்டுவிடக் கூடாதே என்று நான் முதலில் தொட்டி மேடைக் கம்பியில் அதைக் கட்டினேன். அப்புறம் எனக்கு இன்னொன்று தோன்றியது. என் லாரியில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு செப்புத் தகடு இருந்தது. கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்தது, இரண்டு கை அகலம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வண்டியில் பெரிய அடி பட்டதில்லை. வண்டியை விட்டு இறங்கும்போது அதை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இப்போது அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, நைலான் கயிற்றில் கட்டி, முதல் தொட்டிக்குள் அடிவரைக்கும் இறக்கிவிட்டேன். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு சாணுக்குக் கீழே எதுவும் தெரியாது. மேடத்திடம் சொல்லவில்லை. படித்தவர் சிரிப்பாரோ என்ற கூச்சம்தான்.

ஒரு வாரம் கழித்து முதல் தொட்டி மஞ்சளடிக்க ஆரம்பித்தது.

வெள்ளை வில்லை ஒன்றரைச் சாண் இறங்கியது. மறுநாள் இரண்டு சாண். அப்புறம் மூன்று சாண். மேடம் வெயிலைப் பார்த்தார், தண்ணீரின் புளிப்பைப் பார்த்தார், புகையைக் கூட்டினார், குறைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு தொட்டியும் அதே தண்ணீர், அதே புகை, அதே வெயில். அவை இரண்டும் ஜம்மென்று இருந்தன. “இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்று மேடம் தொட்டியிடமே கேட்டார்.

கடைசியில் முதல் தொட்டியைக் காலி செய்து, கழுவி, இரண்டாவதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றி மறுபடி ஆரம்பித்தோம். காலி செய்வதற்கு முன்னால், மேடம் வருவதற்குள், நான் கயிற்றை இழுத்துத் தகட்டை எடுத்தேன். தகடு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. விழுந்த திருஷ்டியையெல்லாம் தகடு வாங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கும் மேல் விழுந்ததைத்தான் தொட்டி தாங்கவில்லை என்று நினைத்தேன். மறுபடி புளி போட்டுத் தேய்த்து, இப்போது நன்றாக இருக்கிற இரண்டாவது தொட்டிக்குள் இறக்கினேன். நல்லதாக இருப்பதைத்தானே காப்பாற்ற வேண்டும்?

பத்து நாளில் இரண்டாவது தொட்டி வெளுத்தது. முதல் தொட்டி கிடுகிடுவென்று தேறிவிட்டது.

இப்போது எங்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நோய் என்றால் மூன்றுக்கும் வரவேண்டும். தண்ணீர் கோளாறு என்றால் முதல் தொட்டி எப்படித் தேறியது? நானும் மேடமும் ஆளுக்கொரு காரணம் சொல்லி, ஆளுக்கொரு நாள் அதை விட்டுக்கொடுத்தோம். நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. எந்தத் தொட்டி நன்றாக இருக்கிறதோ அதுதான் அடி வாங்குகிறது. அடி வாங்குவதற்கு முந்தைய நாட்களில் பாய்லர்க்காரர் அதைப் பார்த்து ‘நல்லா இருக்குது’ என்று சொல்லியிருக்கிறார். முதல் தொட்டிக்கும் சொன்னார். இரண்டாவதற்கும் சொன்னார். அவர் தினமும்தான் சொன்னார், மூன்றையும் பார்த்துத்தான் சொன்னார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவே இல்லை.

டீ குடிக்கிற நேரம். பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள், ஆலை முதலாளியும் இருக்கிறார். மேடம் அன்று வரவில்லை. நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். “அண்ணா, நீங்க இனிமேத் தொட்டிப் பக்கமே வராதீங்க. நீங்க நல்லா இருக்குதுன்னு சொன்னா அது நாலு நாளைக்குத் தாங்க மாட்டேங்குது. உங்க கண்ணு கொள்ளிக்கண்ணுங்ணா.”

அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். முதலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “டிரைவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. கொஞ்ச நாளைக்குக் களத்துப் பக்கம் பாத்துக்கோங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டார். களம் என்றால் ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் தரை. பதினெட்டு வருடம் பாய்லர் பார்த்தவர், மூன்று நாள் வெயிலில் ஜவ்வரிசி கிளறினார். நாலாவது நாள் வேலைக்கு வரவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதிதான். இனித் தொட்டி பிழைத்துவிடும். இருந்தாலும் ஒரு காப்புக்கு என்று, தகட்டைத் தேய்த்து மூன்றாவது தொட்டிக்குள் இறக்கினேன்.

மூன்றாவதும் வெளுத்தது.

இதை எழுதும்போதுகூட அன்றைய குழப்பம் எனக்கு அப்படியே வருகிறது. பாய்லர்க்காரர் இல்லை. அவர் கண் இல்லை. அப்புறம் இது யார்? என் மேலேயே சந்தேகம் வந்தது, ஆனால் தவறான பக்கமாக வந்தது. எனக்கு ஏழரைச்சனியோ என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். மேடம் தொட்டி மேடையில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். குளத்தை நிரப்ப இரண்டு வாரம்கூட இல்லை. செத்த தொட்டித் தண்ணீரை மூன்று பாட்டிலில் பிடித்துச் சேலத்துக்குச் சோதனைக்கு எடுத்துப்போனார்.

ஐந்தாவது நாள் காகிதத்தோடு ஓடிவந்தார். “அண்ணா, செம்பு! தண்ணியில செம்பு கரைஞ்சிருக்கு. கொஞ்சமே கொஞ்சம் இருந்தாலே போதும், இந்தப் பாசி தாங்காது. புகையும் காத்தும் கலக்கிற தண்ணி, செம்பைச் சும்மா விடுமா? எங்கிருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை. இந்தப் பித்தளை வால்வுல இருந்து இருக்குமோ?”

அந்த நிமிடம் தகடு எங்களுக்கு நாலு அடி தள்ளி, மூன்றாவது தொட்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “இருக்குமுங் மேடம்” என்றேன். ஸ்பேனர் எடுத்து வந்து வால்வைக் கழற்றவும் ஆரம்பித்துவிட்டேன். வால்வு மேல் பழி, சாயங்காலம் தகடு என் பைக்குள், யாருக்கும் தெரியாது. இவ்வளவும் வால்வின் ஒரு மரை கழல்வதற்குள் என் மண்டையில் ஓடி முடிந்தது.

அப்போது மேடம் சாதாரணமாகக் கேட்டார். “பாய்லர் அண்ணாவை எங்க ரெண்டு வாரமா காணோம்? வால்வு கழட்ட அவர் இருந்தா நல்லா இருக்குமே.”

அன்றைக்கு டீ நேரத்தில் நான் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எழுந்துபோய்க் கயிற்றை இழுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தத் தகட்டை அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாய்லர்க்காரரைச் சொன்னதையும் சொன்னேன்.

மேடம் திட்டுவார் என்று நின்றேன். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணு தொட்டிக்கும் இதையே மாத்தி மாத்திப் போட்டீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “தேய்ச்சு வேறயா?” ஆமாம் என்றேன். அதற்கு மேல் அன்றைக்கு முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், தேறியிருந்த முதல் தொட்டியைக் காட்டி, “இது போதும், குளத்தை நிரப்பிடலாம்” என்றார். நான் கம்பியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கப் போனேன். “அது வெளியதானே தொங்குது, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அவர் நம்பிச் சொன்னாரா, வெறுத்துப்போய்ச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர், “நான் அன்னைக்கே நெனச்சேன்” என்றார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை பாய்லர்க்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார், சின்னச் சின்னத் துணிகளாக. நான் ஆலையிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாங்க தம்பி. மக பெரசவத்துக்கு வந்திருக்குதுங்க. புள்ள பொறந்து பதினோரு நாளாச்சு, இவிய இன்னும் மொகத்தப் பாக்கல. ஊட்டுக்குள்ளயே வாரதில்லீங்க, சோறு தண்ணியெல்லாம் காட்டுலதான். கேட்டா, எங்கண்ணு ஆவாதுங்கறாரு. ஆலையில யாரோ சொல்லிப்போட்டாங்களாம். யாருன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க சாமி.”

யாரோ! என் பெயரை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காட்டுப் பக்கம் நடந்தேன்.

கிழங்குக் காட்டு ஓரத்தில் ஒரு கட்டிலில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங் டிரைவரே” என்று கட்டிலில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே தகட்டுக் கதையைச் சொன்னேன். “தப்பு எம்மேலதானுங்ணா. உங்க கண்ணு ஒண்ணும் பண்ணல. செம்புதான். காயிதத்துலயே எழுதி வந்திருக்குது.”

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் கணக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“மொதத் தொட்டி?”

“தகடுங்ணா.”

“ரெண்டாவது?”

“அதுவும் தகடுதானுங்ணா. மூணாவது போனப்ப நீங்க அங்க இல்லவே இல்லீங்களே.”

தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், “அப்ப எங்க செவலக் கன்னுக்குட்டி?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “எந்தக் கன்னுக்குட்டிங்ணா?”

“ஏழெட்டு வருசம் இருக்கும். நல்ல வளத்தியா இருக்குதுன்னு நாந்தான் சொன்னேன். அந்த வாரமே கழிச்சல் வந்து போயிருச்சு. எந்தங்கச்சிக்கு மொதப் புள்ள பொறந்தப்பவும் நாந்தான் மொதல்ல போய்ப் பாத்தேன். மூணு மாசந்தான் இருந்துச்சு. பக்கத்துக் காட்டுக்காரரு கெணறு... அதையும் நாந்தான் ஊத்து நல்லா இருக்குதுன்னேன்.” விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். இரண்டு வாரமாக அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, தன் ஆயுசு முழுக்கத் திரும்ப நடந்து போய், வழியில் செத்ததையெல்லாம் தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார் மனிதர். ஒரு டீ நேரத்தில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரு சொல் செய்த வேலை இது.

“அதெல்லாம் வேறங்ணா” என்றேன். தொட்டித் தண்ணீருக்குக் காகிதம் இருந்தது. கன்றுக்குட்டிக்கு நான் எந்தக் காகிதத்தைக் காட்டுவேன்? இதில் நானே திருஷ்டியை நம்புகிறவன். நம்புகிறவனாக நின்றுகொண்டு அவரிடம் அது இல்லை என்று சொன்னேன். அதை அவரும் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசற்படியில் நின்றுவிட்டார். உள்ளே மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க மொதல்ல பாருங் டிரைவரே” என்றார். “அப்புறம் நான் பாக்கறேன்.”

சரி என்று உள்ளே எட்டு வைத்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. மூன்று தொட்டியைச் சாகடித்தவன் நான்தானே? நான் பார்த்து, நாளைக்கு இந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? லாரியில் எத்தனையோ மலைப்பாதை இறங்கியிருக்கிறேன், அன்று பயந்த மாதிரி நான் பயந்ததில்லை. அவர் இரண்டு வாரம் பட்ட பாட்டை நான் ஒரு நிமிடம் பட்டேன். குழந்தை கொட்டாவி விட்டது. அவ்வளவு அழகு. ‘நல்லா இருக்குது’ என்று நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கினேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்து, கடைசியில், “மூக்கு சப்ப மூக்குங்ணா. உங்களாட்டமே” என்றேன்.

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். “அட, அப்பிடிங்களா?” என்றபடி அவர் தன்னை மறந்து உள்ளே வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினேன்.

அவர் மறுபடி வேலைக்கு வந்தார், பங்குனிக் கடைசியில் குளமும் பச்சையானது, மேடத்தின் ஆராய்ச்சியும் இன்றுவரை நடக்கிறது. திருஷ்டி என்று ஒன்று உண்டா இல்லையா என்று என்னைக் கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது; ஆனால் எனக்குக் காரணம் புரியாத ஒன்றுக்கு ஓர் ஆளைக் கைகாட்டத் தோன்றும்போதெல்லாம், வீட்டுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிய அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார், நீட்டப்போன விரலை மடக்கிக்கொள்கிறேன்.